உன் அம்மாவின் மரங்களும் என் புத்தியும்

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை நீ போன் எடுத்தபோது நான் "ஓம்" என்று சொன்னேன். அந்த ஓமைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். "ஞாயிற்றுக்கிழமை வான் பிடிச்சுக்கொண்டு வாறன், உடுப்புகளை அடுக்கி வையுங்கோ, நான் கட்டாருக்கு வேலைக்குப் போகமுதல் உங்களை நெளுக்குளத்தில எங்கட வீட்டில கொண்டுவந்து விட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றாய். நீ வேலை செய்யும் இடத்தில் நின்று கதைத்தாய். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. அப்படி அந்தர அவசரத்தில் நிற்கிறவனிடம் நீளமாக ஒன்றும் சொல்ல முடியாது. "ஓம்" என்றால் கதை முடிந்துவிடும். முடியட்டும் என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். என்னத்துக்குப் போனேன் என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வளவு பிலோமினா எழுதுகிறாள். நாயாற்றுக் கடற்கரையில் பிறந்து இந்த ஜெயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இன்னும் மண் பிடிபடவில்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். "போனிலயே கதைச்சா என்ன அண்ணை? நான் நம்பரை அழுத்தித் தாறன்" என்றாள். "அவன் கேக்காத கேள்விக்கு நான் பதில் சொல்லவேணும், அதுக்குப் போன் சரிவராது" என்றேன். என் பேச்சை அப்படியே எழுதாமல், பள்ளிக்கூடப் பிள்ளையின் கட்டுரையைப்போலத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். முடிந்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். இதை நின்றுகொண்டு வாசிக்காதே. எங்கேயாவது ஒரு இடத்தில் இருந்து வாசி.

கிணற்றடியில் வழுக்கி விழுவேன், பாம்பு கடிக்கும், காய்ச்சல் வந்தால் கேட்க ஆளில்லை என்றெல்லாம் நீ சொல்கிறாய். எல்லாம் நியாயம்தான். ஆனால் உன் உள்ளே கிடக்கிற பயம் வேறு. அன்றைக்குப் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்று நீ கண்ட காட்சி உன் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைப்பற்றி நீ என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ கடல் தாண்டிப் போகமுதல் அதைச் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் அங்கே போயும் உன் அப்பாவுக்குத் தலை பிசகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பாய்.

உன் அம்மாவின் காரியங்கள் முடிந்து, நீங்கள் நெளுக்குளத்துக்குத் திரும்பி, கடைசிச் சொந்தக்காரரும் பஸ் ஏறிய பிறகு வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். அவளுடைய சட்டிகள் கவிழ்த்தபடி இருந்தன. நான் ஒன்றையும் நிமிர்த்தவில்லை. பிலோமினா கொண்டுவந்து வைத்த சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று அவளுக்குப் பொய் சொன்னேன். (இதை எழுதும்போது அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.) அழுகை வரவில்லை தம்பி. வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். காதுக்குள் பஞ்சை அடைத்ததுபோல இருந்தது. யார் கதைத்தாலும் தூரத்தில் கேட்கும். படுத்தால் நித்திரை இல்லை, எழும்பினால் எழும்பினதற்குக் காரணம் இல்லை. சோளகக் காற்று தொடங்கியிருந்தது. கூரைத் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலை எழும்பி, தேயிலை மலையிலிருந்து வரும்போது நான் கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். முதலில் செவ்வரத்தையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். பிறகு மல்லிகை. பிறகு தேசி, மாதுளை, கறிவேப்பிலை. முருங்கையையும் விடவில்லை. கோபத்தில் வெட்டவில்லை. வெட்டு வாயில் தண்ணீர் தேங்காதபடி சாய்வாக, ஒழுங்காக, ஒவ்வொன்றாக வெட்டினேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பிலோமினா கத்தினாள்.

"ஐயோ அண்ணை! என்ன வேலை பாக்கிறியள்? அக்கான்ர மரமெல்லே!"

"கவ்வாத்து" என்றேன்.

"என்னது?"

"கவ்வாத்து வெட்டிறன் பிள்ளை. மழை வந்தா எல்லாம் துளிர்க்கும்."

"எந்த மழை? அண்ணை, இப்ப எந்த மழை?"

கையில் கத்தியோடு வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு முகிலும் இல்லை. அவள்தான் ஓடிப்போய் உனக்குப் போன் எடுத்தவள். நீ பின்னேரத்துக்குள் வந்து சேர்ந்தாய். வளவு முழுக்கக் கட்டைகள். நடுவில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். "அம்மான்ர மரங்களை ஏனப்பா வெட்டினீங்கள்?" என்று கேட்டாய். உன் குரல் சின்னப்பிள்ளையின் குரல்போல இருந்தது. அது நியாயம். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது இந்த வளவில் கிணறு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. கூரைக்குத் தகரம் வரமுதலே உன் அம்மா எங்கேயோ போய் ஒரு செவ்வரத்தைத் தடி ஒடித்துக்கொண்டு வந்து நட்டாள். "வீடு பிறகு வரட்டும், இது முதல் வேர் பிடிக்கட்டும்" என்றாள். அந்தச் செவ்வரத்தையைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

ஏன் வெட்டினேன் என்று இப்போது சொல்கிறேன், கேள். அட்டன் பக்கத் தோட்டத்தில் உன்னைவிடச் சின்ன வயதில் நான் கவ்வாத்து வெட்டினவன். தேயிலைச் செடி சில வருடம் கொழுந்து கொடுத்துக் களைத்துப்போகும். கொழுந்து சிறுத்து, கொப்பு முடிச்சு விழுந்துவிடும். அப்போது ஆம்பிளைகள் நிரையாக நின்று மலை முழுவதையும் கட்டை மட்டத்துக்கு வெட்டி இறக்குவோம். பார்க்கிறவன் சுடலை என்பான். ஆனால் வேரில் பலம் இருக்கும். தென்மேற்குக் காற்று மழையைக் கொண்டுவரும். கொஞ்ச நாளில் அந்தச் சுடலையில் குருத்து எழும்பும். நான் பார்த்துப் பார்த்து வளர்ந்தது அதைத்தான். உன் அம்மா போன பிறகு என்னைச் சுற்றி எல்லாம் களைத்துக் கிடந்ததுபோல எனக்குப் பட்டது. வெட்டினால் திரும்ப வரும் என்று கை நினைத்தது. புத்தி கூடப்போகவில்லை.

பிழை எங்கே தெரியுமா? மலையில் அந்தக் காற்று மழையோடு வரும். அதே காற்றுதான் இங்கே சோளகம். மலையில் மழையை இறக்கிவிட்டு, இங்கே வெறும் வாயோடு வரும். வந்து நிலத்தில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். சோளகத்தில் வன்னியில் ஒருவனும் மரத்தின் தலையில் கை வைக்கமாட்டான். மலையை விட்டு எங்களைத் துரத்தின கலவரத்துக்குப் பிறகு லொறியில் வந்து இறங்கின நாளிலிருந்து இந்த மண்ணில்தான் கிண்டிக்கொண்டிருக்கிறேன். இது எனக்குத் தெரியாததா? அன்று எனக்குத் தெரியவில்லை. நான் நின்றது ஜெயபுரத்தில் அல்ல, அட்டனில். அதனால் சொல்கிறேன், எனக்கு வருத்தம், மனதில் ஒரு நோய், வந்திருந்தது உண்மைதான். நீ என்னை நெளுக்குளத்துக்குக் கொண்டுபோனதும் சரி. டொக்டரிடம் காட்டியதும் சரி. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

உன் வீட்டில் எனக்கு ஒன்றுக்கும் பஞ்சமில்லை. மருமகள் சுடுதண்ணி வைத்துத் தருவாள், பேத்தி வந்து மடியில் ஏறுவாள். ஆனால் படியிலிருந்து கேற்வரைக்கும் சீமெந்து. நான் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருப்பேன். வெயில் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்குப் போகும். போனால் ஒருநாள் முடிந்தது. நான் இருந்தாலும் அது போகும், இல்லாவிட்டாலும் போகும். அந்த வீட்டில் என்னால் ஆகவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை தம்பி. உங்கள் அன்பிலே குறை இல்லை. ஆனால் அன்பை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற வேலை எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மனநலப் பகுதிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. வெண்டியும் கத்தரியும் போட்டிருந்தார்கள். மருந்துக்குப் போகிற நாளில் அங்கேயிருந்த நேர்ஸ் மிஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வாளியைக் கையில் தந்து, "ஐயா, இந்த நிரைக்கு மட்டும் தண்ணி ஊத்திவிடுங்கோ" என்றாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அதற்குப் பதில் தேடித் தேடியே எனக்குக் களைத்துவிடும். நான் ஊற்றினேன். அடுத்த முறை பக்கத்து நிரைக்கும் ஊற்றினேன். அதற்கு அடுத்த முறை புல்லுப் பிடுங்கக் குந்தினேன். எழும்ப மனம் வரவில்லை. "மாமா, பஸ் போகப்போகுது" என்று மருமகள் வந்து கூப்பிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தபோது எனக்குப் பசித்தது.

பசி என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. பசி போய்த் திரும்பி வந்தவனுக்குத்தான் தெரியும். சோற்றுக் கோப்பையை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு இருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன். மருமகள் அகப்பையோடு அப்படியே நின்றாள். "என்ன, முடிஞ்சுதோ?" என்றேன். "இல்லை மாமா, கிடக்கு, கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் திருப்பித் தோளில் கண்ணைத் துடைத்தாள். அவள் உனக்கு அதைச் சொன்னாளோ தெரியாது. அன்றிரவு நான் விடியும்வரை நித்திரை கொண்டேன். டொக்டர் தந்த குளிசைதான் வேலை செய்தது என்று நீ சொல்வாய். குளிசையும்தான். அதை நான் இன்றுவரை விடவில்லை, கிளிநொச்சிக்கு மாதாமாதம் பஸ்ஸில் போய் எடுக்கிறேன். ஆனால் குளிசை கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். எழும்பி வெளியே போக எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ஆண்டுத் திவசத்துக்கு இங்கே வந்தோமே, அப்போது மரங்களைப் பார்த்தாய். தேசியும் மாதுளையும் பட்டுப்போய்விட்டன. தட்டினால் காய்ந்த சத்தம். மல்லிகை போய்விட்டது. முருங்கை கட்டையிலிருந்து சிலுப்பிக்கொண்டு நின்றது. கறிவேப்பிலை பக்கக் கன்று வைத்திருந்தது. செவ்வரத்தையில் ஒரு பக்கம் மட்டும் உயிர். பிலோமினா ஊற்றின தண்ணீர்தான் காரணம்.

"மீன் கழுவின தண்ணியைத்தான் ஊத்தினனான்" என்றாள் அவள். "சாகிறதெண்டாலும் வாசத்தோட சாகட்டும் எண்டு."

நான் சிரித்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். உன் அம்மா போன பிறகு நீ கேட்ட என் முதல் சிரிப்பு அது. அதனால்தான் "சரி, ஒரு மாதம் இருந்து பாருங்கோ" என்று என்னை விட்டுவிட்டுப் போனாய். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். தோட்டம் செய்தால் தனிமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. போகாது. அது என்னோடு எழும்பி, என்னோடு பாத்திக்கு வருகிறது. ஆனால் நான் குந்திக் களை பிடுங்கும்போது அது கொஞ்சம் தள்ளி இருக்கிறது. விறாந்தையில் இருந்தால் நெஞ்சில் ஏறி இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அளவு எனக்குப் போதும். பின்னேரம்தான் கஷ்டம். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறி முடித்து, கைகால் கழுவி, வேறு வேலை இல்லாத நேரம். உன் அம்மாவும் மலைக்காரிதான். ஆனாலும் இந்த ஊர்ப் பேச்சு எனக்கு முதலே அவளுக்கு ஒட்டிக்கொண்டது. "இஞ்சேருங்கோ, பாகல் பூத்திருக்கு, ஓடி வாங்கோ" என்பாள், றேடியோவில் செய்தி சொல்கிறவள்போல. ஒரு பூவுக்கு என்ன ஓட்டம் என்று நான் மெல்லமாகத்தான் போவேன். இப்போது பாகல் பூக்கிறது. பார்க்கிறேன். சொல்ல ஆளில்லை. வாயில் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு அடுத்த கொடிக்குப் போகிறேன். இந்த ஒரு இடத்துக்குத் தோட்டத்திடம் மருந்து இல்லை.

ஆனால் ஏசுவதற்கு ஆள் இருக்கிறது. மயில்கள் வேலியால் பறந்து வந்து பயற்றைக் கன்றுகளை ஒன்றும் விடாமல் கொத்திவிட்டுப் போய்விட்டன. நான் நின்று ஏசின ஏச்சில் பிலோமினா காதைப் பொத்திக்கொண்டாள். "அது முருகன்ர வாகனமெல்லே அண்ணை, உங்கட சாமியை நீங்களே ஏசலாமோ?" என்றாள். "வாகனத்துக்குத் தீன் போடவேண்டியது முதலாளியின்ர வேலை. அதை என்ர பாத்தியில மேயவிடச் சொன்னது ஆர்?" என்றேன். திரும்பவும் விதை போட்டேன், மேலே பழைய மீன்வலை கட்டினேன். வலை அவள் தாய்வீட்டிலிருந்து வந்தது. விதை அழிந்துபோனால் அதற்காக யாரும் என்னில் இரக்கப்படுவதில்லை, தம்பி. திரும்பப் போடவேண்டும், அவ்வளவுதான். நெளுக்குளத்தில் என் கையிலிருந்து ஒரு கோப்பை நழுவினால்கூட எல்லாரும் ஓடிவந்து "பரவாயில்லை, பரவாயில்லை" என்பீர்கள். அந்தப் பரவாயில்லையில் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு போனேன்.

கறிவேப்பிலைக்கும் முருங்கை இலைக்கும் ஆட்கள் வருவார்கள். படலையில் நின்று ஒரு பிடி கேட்பார்கள். பிடுங்கிக் கொடுக்கிற நேரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல், யாருடைய பெட்டைக்குச் சம்பந்தம், எந்தக் குளத்தில் தண்ணீர் வற்றிவிட்டது என்று கதை வந்து சேரும். சும்மா இருக்கிற கிழவனைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். கறிவேப்பிலை வைத்திருக்கிற கிழவனிடம் வருவார்கள். அது எனக்குப் போதும். அவர்கள் போன பிறகு இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று தோன்றுவது வேறு.

நீயும் ஒரு தனிமைக்குத்தான் போகிறாய். அதை நினைக்காமல் இல்லை. ஒரு அறையில் பலர் படுப்பீர்களாம், வெளியே வெறும் மணலாம். உனக்கு அங்கே எதையாவது நடு என்று நான் சொல்லப்போவதில்லை. உன் சீவியம் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பசி இல்லாமல் போய், நித்திரை இல்லாமல் போய், எல்லாரும் தூரத்தில் நின்று கதைப்பதுபோலக் கேட்கத் தொடங்கினால், அதை வெட்கம் என்று மறைக்காதே. ஒருவரிடம் சொல்லு. நான் சொல்லாமல்தான் கத்தியைத் தூக்கினேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். வான் பிடிக்காதே. பஸ்ஸில் வா, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு நாள் நில். கிணற்றுக்கட்டைச் சுற்றி ஒரு பிடிகம்பி போடவேண்டும் என்று சொன்னாயே, போடு, நான் மறுக்கவில்லை. வாளியால் அள்ளாமல் மோட்டரால்தான் இறைப்பேன். போனைச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பேன். மருமகள் எந்த நேரம் எடுத்தாலும் பதில் சொல்வேன். கிளினிக்கைத் தவறவிடமாட்டேன். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் நெளுக்குளத்துக்கு வருகிறேன், வெள்ளம் வடிந்ததும் திரும்பிவிடுவேன்.

அதைவிட இன்னொரு ஒழுங்கும் செய்திருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் திரும்பி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் அது எனக்குத் தெரியாது, போன முறையும் தெரியவில்லை. ஆனால் வேலிக்கு மேலால் பார்க்கிறவளுக்குத் தெரியும். பாத்தி காய்ந்து வெடித்துக் கிடந்தால், வெண்டி முற்றிப் பிடுங்காமல் நின்றால், உனக்குச் சொல்லவேண்டும் என்று பிலோமினாவிடம் கேட்டேன்.

"இதென்ன அண்ணை, என்னைக் காவலுக்கு வைக்கிறியளோ?" என்றாள்.

"ஓம். நீ முந்தியும் செய்தனிதானே."

"முந்திப் போன் எடுத்ததுக்கு எத்தினை நாள் என்னோட கதைக்காமல் இருந்தனீங்கள்?"

"இந்த முறையும் கதைக்கமாட்டன். எண்டாலும் எடு."

அதையும் எழுதினாள். பிறகு, "சரி, அடுத்ததைச் சொல்லுங்கோ" என்றாள்.

அடுத்தது இதுதான். அப்படி ஒரு நாள் வந்தால், நீ கட்டாரில் இருந்தாலும் மருமகளிடம் சொல்லி வானை அனுப்பு. நான் கதிரையை விட்டு எழும்பமாட்டேன். வரமாட்டன் என்று கத்துவேன். ஏசுவேன், உன் அம்மாவின் பெயரைச் சொல்லிக்கூட மறிப்பேன். அதைக் கேட்டு ஒருவரும் திரும்பிப் போகவேண்டாம். அது வருத்தம் கதைக்கிற கதை. தூக்கி ஏற்றிக்கொண்டு போங்கள்.

இன்றைக்கும் வரமாட்டன் என்றுதான் சொல்கிறேன். இன்றைக்குச் சொல்கிறது நான். இதைக் கேள்.

அப்பா